நூற்று அறுபத்தெட்டுப் படிகள்

என் வீட்டுக்காரருக்கு நான்தான் பேன்ட் தைப்பேன். தையல்காரி கண்ணுக்கு மனிதர்கள் அளவாகத்தான் தெரிவார்கள். இவர் எனக்கு இடுப்பு நாற்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடம் ஓர் ஏழு மாடி அலுவலகத்தில் லிப்ட் ஓட்டினார். ஓட்டினார் என்பது பெரிய வார்த்தை. முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். உடம்பிலேயே உழைத்தது வலது கைப் பெருவிரல் ஒன்றுதான் என்று அவர் காதுபடவே சொல்வேன். சிரிப்பார். எங்கள் வீட்டில் கோபம் முழுக்க என் பங்கு.

பக்தி அவர் பங்கு. லிப்ட் கதவு மூடியதும், "ஏறினவங்க எல்லாரும் பத்திரமா இறங்கணும்" என்று மனதுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இருக்கும்.

"ஒரு தடவையாவது நமக்குன்னு எதாவது கேளுங்களேன்" என்பேன்.

"நானும் அதே லிப்ட்லதானே இருக்கேன். எனக்கும் சேர்த்துதான்" என்பார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

ஒரு திங்கட்கிழமை அந்த லிப்டையே கழற்றிவிட்டார்கள். புதியது வர ஆறு மாதமாகும், அதற்கு ஓட்ட ஆளும் வேண்டாம். மேலாளர் இவரைக் கூப்பிட்டு, மாடிக்கு மாடி கோப்பு கொண்டுபோகிற வேலை இருக்கிறது, உடம்பு தாங்குமா என்று கேட்டிருக்கிறார். நாலு மாதம் தவணை. அதற்கப்புறம் ஒரு சோதனை: ஒரு கட்டுக் கோப்போடு தரைத்தளத்திலிருந்து ஏழாவது மாடிக்கு ஆறு நிமிடத்தில் ஏறவேண்டும். ஏறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு.

முதல் நாள் மூன்றாவது மாடியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயத்தில் வாயில் வந்ததைக் கொட்டினேன்.

"உக்காந்தே பழகின உடம்பு. உங்களால ஆகாது. பேசாம வீட்டோட இருங்க."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்து, மெதுவாக ஏறலாம், வாரத்துக்கு அரை மாடி கூட்டலாம் என்றார். அன்றிலிருந்து விடியற்காலையில் எழுந்து, அலுவலகம் திறந்ததுமே போய்ப் படியேறிப் பழகினார். நான் எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றினேன். அவர் வாயைக் கட்டியதில் நானும் சேர்ந்து வாயைக் கட்டியதுதான் மிச்சம்.

"ஏறும்போது உங்க பிரார்த்தனை எல்லாம் நடக்குதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முழுசா சொல்ல மூச்சு இல்ல. படிக்கு ஒரு நன்றி, அவ்வளவுதான்."

"எதுக்கு நன்றி? வேலை போகப் போறதுக்கா?"

"அந்தப் படி ஏறிட்டேன்ல, அதுக்கு."

ஒரு காலையில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று போனேன். இவர் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். மாடி வந்ததும் நின்றார், சுவரோடு ஒதுங்கினார், இல்லாத கதவைக் கையால் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது மாடி" என்று குரல் கொடுத்தார். யாரும் இறங்கவில்லை, இறங்க யாரும் இல்லை. அப்புறம் மேலே ஏறினார். எனக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அழுதுவிட்டேன்.

நாலு மாதத்தில் பேன்ட்டை மூன்று தடவை பிடித்துத் தைத்தேன். இடுப்பு முப்பத்தொன்பது.

சோதனை நாளன்று, வேண்டாம் என்று சொல்லியும் கூடவே போனேன். மேலாளர் கடிகாரத்தோடு ஏழாவது மாடியில் இருந்தார். நான் கீழே படியருகில் நின்றேன். இவர் கோப்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். ஆள் மறைந்தாலும் குரல் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒண்ணாவது மாடி. ரெண்டாவது மாடி. மூணாவது. நாலாவது.

அப்புறம் சத்தமே இல்லை.

நான் படியில் கால் வைத்துவிட்டேன். ஏறவும் பயம், நிற்கவும் பயம். இவர் விழுந்திருப்பார் என்றே நினைத்தேன். "கடவுளே, அந்த ஆள் உங்கிட்ட தனக்குன்னு இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். வெகுநேரம் கழித்து, "அஞ்சாவது மாடி" என்று கேட்டது. உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் ஒரு ஆளின் காலடி இல்லை, இரண்டு பேருடையது.

கால் மணி நேரத்தில் இவர் அதே கட்டோடு கீழே இறங்கி வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஏதோ கையெழுத்துக்கு வந்த பெரியவர் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல மூச்சு வாங்கி உக்காந்துட்டாரு. கையைப் பிடிச்சு ஆறாவது மாடியில விட்டுட்டுப் போனேன். நேரம் தப்பிருச்சு."

"சொன்னீங்களா மேலாளர்கிட்ட?"

"சொன்னேன். நாளைக்கு வாங்கன்னாரு. இப்பவே இன்னொரு தடவை ஏறுறேன்னுட்டேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? அந்த ஆளை அங்கேயே உட்கார வெச்சுட்டு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்ல?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தரையும் நடு மாடியில விட்டுட்டுப் போனதில்ல." தண்ணீர் குடித்தார், கட்டைத் தூக்கினார், போய்விட்டார்.

இந்தத் தடவை குரல் விடாமல் வந்தது. ஒவ்வொரு மாடிக்கும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏழாவது மாடி" என்றபோது குரல் லேசாக உடைந்தது. மேலே யாரோ கைதட்டினார்கள். ஐந்தே முக்கால் நிமிடம்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பேன்ட் மறுபடி தொளதொளவென்று இருந்தது; பிடித்துத் தைக்க அளவெடுக்க நிற்கச் சொன்னேன். டேப்பை இடுப்பில் சுற்றும்போது கேட்டேன்.

"ரெண்டாவது தடவை ஏறும்போது என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வேண்டல. படிக்கு ஒரு ஆளுக்கு நன்றி சொல்லிக்கிட்டே போனேன். டாக்டருக்கு, ஆட்டோக்காரருக்கு, லிப்ட்ல வந்தவங்க ஒவ்வொருத்தருக்கும். நூத்தி நாப்பதாவது படியில ஆளெல்லாம் தீந்துபோச்சு."

"அப்புறம்?"

"மிச்சம் இருபத்தெட்டுப் படிக்கும் உனக்கேதான் சொன்னேன்."

உங்களால் ஆகாது என்று சொன்ன வாய் இது. அளவு சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, டேப்பைச் சுற்றிய கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.