லோர்னா விற்ற கோல்

லோர்னா ஓமரோட் பேருந்து ஓட்டிய காலத்தில் பிரையர்ஸ்லியில் அவளிடம் வம்பு வைத்துக்கொண்டவர்கள் யாருமில்லை. மேல்மாடி இருக்கையில் எவனாவது ஷூக்காலைத் தூக்கி வைத்தால், வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு ஏறி வருவாள். காலைக் கீழே போடும்வரை பக்கத்தில் நிற்பாள், அவ்வளவுதான். முதுகெலும்பில் டிஸ்க் நழுவி அந்த வேலையை விட வேண்டி வந்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஊரே வருத்தப்பட்டது. அவள் மட்டும் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் கணவன் க்ளிஃப் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வாரம் தவறாமல் எங்கள் ஊர்க் கால்பந்து அணியான பிரையர்ஸ்லி டவுன் ஜெயிக்கும் என்று பந்தயக் கடையில் பணம் கட்டுவான். டவுன் வாரம் தவறாமல் தோற்கும்.

"அது பந்தயமே இல்ல. காணிக்கை" என்பாள் லோர்னா.

"சாமிக்குத்தானே போடறேன், உனக்கென்ன?" என்பான் அவன்.

நான் டவுன் மைதானத்தை ஒட்டியிருக்கும் கிளப்பில் மதுக் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறவன். இந்தப் பேச்சை என் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ சனிக்கிழமை கேட்டிருக்கிறேன்.

முதுகு சரியாவதற்காக வீட்டில் மல்லாந்து கிடந்த மாதங்களில்தான், வயிற்றின்மேல் மடிக்கணினியை நிறுத்திக்கொண்டு லோர்னா பந்தயச் சந்தையைக் கண்டுபிடித்தாள். கடையில் கட்டினால் கடைக்காரன் வைத்த விலைதான். சந்தையில் கடைக்காரனே கிடையாது. ஒருவர் "இவர்கள் ஜெயிப்பார்கள்" என்று கட்ட, முகம் தெரியாத இன்னொருவர் "ஜெயிக்க மாட்டார்கள்" என்று அதை ஏற்றுக்கொள்கிறார். நாம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆட்டம் நடக்கும்போதே பக்கம் மாறலாம். விலை நொடிக்கு நொடி அசையும். ஒரு கோல் விழுந்தால் குதிக்கும்.

லோர்னாவின் அப்பா மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருந்தவர். அதனால் அவளுக்கு இது உடனே பிடிபட்டது. யார் ஜெயிப்பார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வாங்கிய விலையைவிட நல்ல விலைக்கு, ஆட்டம் முடிவதற்குள், கைமாற்றிவிட்டால் போதும்.

அவள் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டாள். சொந்த மைதானத்தில் ஆடும் பலமான அணியாகப் பார்ப்பாள். அந்த ஆட்டம் சமனில் முடியாது என்ற பக்கம் நிற்பாள். பலமான அணி ஒரு கோல் போட்டதும் சமனின் விலை எகிறும். அப்போது மறுபக்கமும் கட்டி லாபத்தைப் பூட்டிவிடுவாள். எழுபதாவது நிமிடம் வரை கோலே விழவில்லையென்றால், வந்த சிறு நஷ்டத்தை வாங்கிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். அது அவளே போட்ட விதி.

முதல் ஆறு மாதம் விதி நின்றது. பிறகு ஒரு போர்ச்சுகல் ஆட்டத்தில் உடைந்தது. கோல் இல்லை. எழுபது தாண்டியது. கம்பத்தில் பட்டு ஒரு பந்து திரும்பியது. "இதோ விழுந்திடும்" என்று இருந்தாள். இன்னொரு பந்தைக் கோல்கீப்பர் விரல் நுனியால் தட்டினான். வெளியேறுவதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் போட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம். ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தபோது, ஃபைலி கடற்கரையில் ஒரு வாரம் கேரவனில் இருப்பதற்கென்று இருவரும் சேர்த்து வைத்திருந்தது போயிருந்தது.

க்ளிஃப் வேலையிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டாள். அவன் கோட்டைக் கழற்றவில்லை. சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"ஏதாவது திட்டேன்" என்றாள்.

"எதுக்கு? நான் இருபத்தஞ்சு வருஷமா அதைத்தானே பண்றேன்."

அதுதான் தன்னைச் சுட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். அவன் திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு இன்னொரு ஆட்டத்தில் விட்டதைப் பிடிக்கப் போயிருப்பாளாம். தானும் காணிக்கை போடுகிறவளாகிவிட்டோம் என்ற நினைப்புதான் அவளை நிறுத்தியது. அடுத்த குளிர்காலம் முழுக்கச் சில்லறைக் காசுகளை வைத்து ஆடினாள். லாபத்துக்காக இல்லை, எழுபதாவது நிமிடத்தில் எழுந்து போகப் பழகுவதற்காக. அது கைவந்த பிறகுதான் தொகையைக் கூட்டினாள். மெல்லமெல்ல வீட்டுக்கு ஒரு சம்பளம் வரத் தொடங்கியது. சில மாதங்களில் வராது. வராத மாதத்திலும் அவள் முகம் அப்படியேதான் இருக்கும்.

க்ளிஃபின் தம்பி நெவில் இதை நம்பவே இல்லை. கிளப்பில் அவளைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவான்.

"என்ன லோர்னா, பங்குச்சந்தை எப்படிப் போகுது? எங்கம்மா வயசுல எல்லாரும் பிங்கோ ஆடினாங்க."

"உங்கம்மா பிங்கோல ஜெயிச்சாங்க நெவில். நீ எதுல ஜெயிச்சே?"

அந்த ஜனவரியில்தான் டவுனுக்குக் கோப்பைப் போட்டியின் மூன்றாம் சுற்றில், எங்கள் சொந்த மைதானத்தில், லண்டனிலிருந்து ஒரு பெரிய அணி வந்தது. அவர்களுடைய மாற்று ஆட்டக்காரன் ஒருவனின் சம்பளத்தில் எங்கள் மைதானத்தையே வாங்கிவிடலாம். ஊரில் பால் வாங்கப் போனாலும் அதே பேச்சு. லோர்னாவுக்கும் க்ளிஃபுக்கும் டிக்கெட் இருந்தது. ஆனால் க்ளிஃப் மைதானத்துக்குள் கால் வைத்தால் டவுன் தோற்கும் என்பது அவனுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. டிக்கெட்டுகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இருவரும் கிளப்பில் டிவிக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

டவுன் ஜெயிக்கும் என்பதற்குச் சந்தையில் விலை இருபத்தொன்று. ஒன்று கட்டினால் இருபத்தொன்றாகத் திரும்பும். அதாவது யாருமே நம்பவில்லை. லோர்னா மடிக்கணினியைத் திறந்து, பேருந்து ஓட்டியபோது வாங்கிய ஒரு வாரச் சம்பளத்தை அதில் வைத்தாள்.

நெவில் கை தட்டினான். "பாருங்கடா! கடைசியில இவளும் நம்ம ஆளுதான்!"

"ஜெயிப்பாங்கன்னு கட்டல" என்றாள். "மழைல நம்ம மைதானம் சேறாக் கிடக்கு. அவங்க பெரிய ஆளுங்களை வீட்டுல விட்டுட்டு வந்திருக்காங்க. நம்ம பசங்க கார்னர்ல தலையால முட்டி ஒண்ணு போட்டுட்டா போதும். போட்டா வித்துடுவேன். போடலைன்னா இது போச்சு. இதுக்கு மேல ஒரு பென்னி வைக்கமாட்டேன்."

எங்கள் கிளப்பில் ஒரு விசேஷம் உண்டு. டிவி படம் மைதானத்துக்குச் சில நொடி பின்னால் ஓடும். மைதானமோ சுவருக்கு அந்தப் பக்கம். ஆகவே எதுவும் முதலில் சுவர் வழியாகத்தான் வரும். முதல் பாதியில் டவுனுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. திரையில் எங்கள் ஆள் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தான். அதற்குள் சுவர் உறுமியது. அலமாரியில் கிளாஸ்கள் அதிர்ந்தன. பிறகுதான் பந்து பறந்து வந்தது, எங்கள் பெரிய தடுப்பாட்டக்காரன் எகிறி முட்டினான், வலை குலுங்கியது.

அதற்குமேல் யாரும் உட்காரவில்லை, லோர்னாவைத் தவிர. கோல் விழுந்ததும் மூடிய சந்தை மறுபடி திறக்கக் காத்திருந்தாள். திறந்தது. இருபத்தொன்று ஆறாகியிருந்தது; நம்பிக்கை கூடக் கூட விலை இறங்கும்.

க்ளிஃப் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "கண்ணு, வேண்டாம். இன்னிக்கு ஒருநாள். நம்ம பசங்க கண்ணு."

"நம்ம பசங்கதான்."

"இடைவேளை வரைக்குமாவது வச்சிரு. இன்னும் இறங்கும்."

"இறங்கலாம். இறங்காமலும் போகலாம்."

இது அவன் முதல்முறையாக அவளிடம் கெஞ்சியது. போர்ச்சுகல் ஆட்டத்தன்றுகூட ஒரு வார்த்தை திட்டாத மனுஷன். அவள் விரல் கணினி விசைமேல் நின்றதை நான் பார்த்தேன். நெவில் நாற்காலிமேல் ஏறி, "நம்ம ஊரையே விக்கப் போறா!" என்று கத்தினான். சிலர் ஊளையிட்டார்கள். எத்தனை பேருந்துப் பயணிகளை முறைத்தவள்! அவர்களையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துவிட்டு விற்றாள். இனி டவுன் ஜெயித்தாலும் தோற்றாலும் சமனானாலும், போட்டதுக்கு மேல் இரண்டரைப் பங்கு அவளுக்கு வந்து சேரும். கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"ஒரு இறைச்சிப் பஃப்பும் பட்டாணியும் கொடுப்பா. இப்பத்தான் பசிக்குது" என்றாள் என்னிடம்.

இடைவேளையில் விலை நாலுக்கு வந்துவிட்டது. நெவில் அதைக் கிளப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டாம் பாதியில் லண்டன்காரர்கள் தங்கள் பெரிய ஆட்களில் இருவரை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சமனாக்கிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாததை வைத்துத்தான் எங்களுக்கு அது முதலில் தெரிந்தது. அதன்பின் எல்லாம் டவுன் கோலுக்கு முன்னால்தான் நடந்தது. நெவில் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டான். க்ளிஃப் சட்டைப்பையில் இருந்த பந்தயச் சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தான். அறையில் பாடிக்கொண்டிருந்தது லோர்னா ஒருத்திதான். டவுனின் பாட்டை, சுருதி சேராமல், முழுத் தொண்டையில்.

"உனக்கென்ன, பாடுவ. பணம் உள்ளே வந்துடுச்சு" என்றான் நெவில்.

"ஆமா. அதனாலதான் பாட முடியுது. உனக்கும் தொண்டை இருக்கே, பாடேன்!"

அவன் பாடினான். பிறகு எல்லோரும் பாடினோம்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்கள் ஆளைக் கோலுக்கு முன்னாலிருக்கும் பெட்டிக்குள் வீழ்த்தினார்கள். நடுவர் புள்ளியைக் காட்டினார். பெனால்டி! க்ளிஃப் பார்க்கமாட்டேன் என்று கழிவறைக்கு ஓடிவிட்டான். திரையில் எங்கள் கேப்டன் பந்தைச் சேற்றில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். நான் லோர்னாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிச் சுவரில் கையை வைத்திருந்தாள்.

சுவர் இடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு சத்தத்தை அந்த ஊர் அதற்கு முன் போட்டதில்லை.

"போட்டுட்டான்!" என்று லோர்னா கத்தினாள். "க்ளிஃப்! வெளியே வா! போட்டுட்டான்!"

திரையில் கேப்டன் அப்போதுதான் ஓடி வரத் தொடங்கினார். கிளப்பே, முடிவு தெரிந்தே, அந்தப் பந்து வலைக்குள் போவதைப் பார்த்தது. க்ளிஃப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவளை அப்படியே தூக்கினான்; முதுகு ஞாபகம் வந்து இறக்கினான்; மறுபடி தூக்கினான். "தூக்குடா, பரவாயில்ல!" என்று அவள் அவன் தலையில் அடித்துச் சிரித்தாள்.

விசில் ஊதியதும் மைதானத்திலிருந்து ஆட்கள் சேற்றோடு உள்ளே கொட்டினார்கள். பீப்பாய்கள் காலியாகிக்கொண்டே இருந்தன. க்ளிஃப் அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொல்ல, முதலில் போய்க் காசை வாங்கு என்று எல்லோரும் அவனைத் தள்ளினார்கள்.

நெவில் ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயினைக் கொண்டுவந்து லோர்னா முன்னால் வைத்தான். தானே வாங்கியது. அது எங்களில் யாரும் பார்த்திராத காட்சி.

"வச்சிருந்தா எவ்வளவு வந்திருக்கும், யோசிச்சியா?" என்றான். குரலில் பழைய குத்தல் இல்லை.

"யோசிச்சேன். நிறைய."

"வருத்தமா இல்ல?"

"இல்லப்பா. உங்கண்ணன் சீட்டை வச்சுக்கிட்டு, பெனால்டியைப் பார்க்க முடியாம கழிவறைல ஒளிஞ்சிருந்தான். நான் இங்க நின்னு கேட்டேன்."

நெவில் தலையாட்டினான். கிளாஸைச் சுற்றினான். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சரி, அடுத்த சுற்றுக்கு என்ன விலை வரும்?" என்றான்.

"யாரோட ஆடறோம்னே இன்னும் தெரியாது. உட்காரு, முதல்ல பாடி முடிப்போம்" என்றாள் லோர்னா.