டிஸ்பென்சர் நடக்கிறார்

தோட்டத்து டிஸ்பென்சருக்கு மருந்து கலக்கத் தெரிந்தால் போதும், மலை ஏறத் தெரிய வேண்டியதில்லை என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வருடக்கணக்காக நாற்காலியில் உட்கார்ந்து மருந்து கொடுத்ததில், தொப்பை முன்னால் போனது, சீனி வியாதி பின்னாலேயே வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஹட்டன் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மூன்று மாதத்தில் உடம்பு குறையாவிட்டால், வேலைக்கு லாயக்கில்லை என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு எழுதிவிடுவாராம். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். பிள்ளைகுட்டிகளோடு எங்கே போய் நிற்பது? பயந்துபோனேன். தொப்பையுள்ள அன்பர்களே, பயத்தில் பிறக்கும் உற்சாகம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியாததா!

முதல் ஓட்டம்

மறுநாளே காலுக்கு வெள்ளைக் கென்வஸ் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். அதற்கடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மேல் மலைமேல் ஏறும் டிவிசன் பாதையில் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன். டிஸ்பென்சர் மலையேறி ஓடினால், மேலே லயத்து வரிசைவீடுகளில் யாருக்கோ உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று தோட்டத்தில் அர்த்தம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு என் பின்னால் ஓடிவர ஆரம்பித்தார்கள். ஒருத்தி கூந்தலை அவிழ்த்து ஒப்பாரிக்கே தயாராகிவிட்டாள். நான் மூச்சுவாங்கி நின்ற இடத்தில், எல்லோருக்கும் முன்னால் வந்த லெட்சுமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: “யாரு செத்ததுன்னு சொல்லிப்புட்டு ஓடுங்க ஐயா, எந்த லயத்துல போயி அழுவுறதுன்னே தெரியாம ஓடியாறோம்!”

லயத்து உபசாரம்

அன்று மலையில் பாதிக் காலை வேலை கெட்டது. நடப்பதென்றால் ஆட்கள் காலையில் வேலைக்குக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பதற்கு முன்பே நடந்து முடித்துவிட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே விடியுமுன், பனியில், டோர்ச் அடித்துக்கொண்டு நடந்தேன்.

அந்த நேரத்தில் லயத்தில் எல்லா வீட்டிலும் அடுப்பெரியும். வாசலைக் கடக்கும் டிஸ்பென்சரைத் தேத்தண்ணி கொடுக்காமல் விடுவது மரியாதையா? கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம் போய்ச் சீனி தாராளமாகக் கிடைத்த சமயம் வேறு. வேண்டாம் என்றால் முகம் வாடியது. கடைசியில் கங்காணி வீட்டு அம்மாவிடம், எனக்குச் சீனி வியாதி என்று உண்மையைச் சொன்னேன். அவர் ஐயோ பாவம் என்று டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய், வேறொரு டம்ளரோடு வந்தார். “அப்ப சீனி வேணாங்க ஐயா, இதுல கருப்பட்டிதான் போட்டிருக்கேன்.”

மழைநாள்

இரண்டாவது வாரத்திலேயே உற்சாகம் வடிந்துவிட்டது. சப்பாத்து ஊறியது, அட்டை கடித்தது, முழங்கால் முனகியது. ஒருநாள் அடைமழை. இன்றைக்கு வேண்டாம் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சுகமாகத்தான் இருந்தது.

டிஸ்பென்சரியைத் திறக்கப் போனால் வாசலில் ஒரு லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை, எல்லோருக்கும் கோபம். தகரக் கூரையில் மழை கொட்டியதில், ஆட்களை எழுப்பும் தப்பு மேளச் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. என் டோர்ச் வெளிச்சம் வாசலைக் கடந்ததும் பெரட்டுக்குப் புறப்படுவது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. வெளிச்சம் வரவில்லை, பெரட்டுக்குப் பிந்திவிட்டார்கள், பிந்தி வந்தவர்களுக்கு வேலை இல்லையென்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் சம்பளம் போய்விட்டது. எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. லெட்சுமி சொன்னாள்: “வர முடியலைன்னா மொத நாளே சொல்லிப்புடுங்க ஐயா, நாங்க ஒரு சேவலாச்சும் வாங்கிக்கிறோம்.”

பரிசோதனை

அதற்குப் பிறகு நடக்க மனசிருக்கிறதா என்று நான் என்னையே கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் டோர்ச் மேலே போயாக வேண்டும். போனது.

மூன்று மாதம் முடிந்து ஹட்டனுக்குப் போனேன். டாக்டர் என்னைத் தராசில் இரண்டு முறை ஏற்றிப் பார்த்தார். சீனியும் இறங்கியிருந்தது. துரைக்கு ஒன்றும் எழுதப் போவதில்லை என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வந்ததும் நேரே லயத்துக்குப் போய் நல்ல செய்தியைச் சொன்னேன். நாளைக்கு ஒரே ஒரு நாள் நன்றாகத் தூங்கப் போகிறேன் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். லெட்சுமி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “ஒங்களுக்குக் கொணமானது எங்களுக்கும் சந்தோசந்தாங்க ஐயா, ஆனா நாளைக்கு எங்களுக்குப் பெரட்டு இருக்குதே!”

ஆக, ஊரெல்லாம் மெச்சிய என் வைராக்கியத்தில் ஒரு துளிகூட என்னுடையது இல்லை, அவ்வளவும் அந்த லயத்துக்காரர்களுடையது.