இரவல் பிள்ளையின் எடை

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் கெடா மாநிலத்திலேயே கொழுகொழுவென்று பிள்ளைகள் வளர்ந்த தோட்டம் எங்கள் தோட்டம்தான். நம்பாதவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு பதிவேடு இருந்தது. அதை எழுதியவள் நான். அதில் கூட்டல் கழித்தலில் ஒரு பிழை கிடையாது. பிள்ளைகள்தான் பொய்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர். சுங்கைப் பட்டாணிக்குப் போய் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். ரப்பர் பால் வெட்டு நின்றுவிட்டது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்றான பிறகு, அலோர் ஸ்டாரில் கடை வைத்திருந்த சிலர் சேர்ந்து ஒரு நிவாரணக் கமிட்டி அமைத்தார்கள். நொய்யும் பச்சைப்பயறும் தவிடும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி, அதன்மேல் ஒரு கரண்டி சிவப்புச் செம்பனை எண்ணெய். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். எடை குறைந்த பிள்ளைக்கு இரண்டு குவளை, மற்றதுக்கு ஒன்று. அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளை எடை போட்டு எழுத வேண்டும். தோட்டத்தில் வேலையில்லாமல் வாயடித்துக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

தராசுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் பால் நிறுத்த தராசு ஸ்டோரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கியில் பால் வாளியை மாட்டி, வாளிக்குள் பிள்ளையை நிற்க வைப்போம். தோட்டத்து டிரஸ்ஸர் பக்கத்தில் இருப்பார். காயத்துக்குக் கட்டுப்போடுவது முதல் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது வரை எல்லாம் அவர்தான். ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்த மூக்குக்கண்ணாடியோடு, பிள்ளையின் கீழ் இமையை இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். முள் எத்தனை காத்தியில் நிற்கிறது என்று நான் பார்த்து எழுதுவேன்; ஒரு காத்தி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

முதல் வெள்ளிக்கிழமை நான் பேர் கேட்டதும் தாய்மார்கள் மிரண்டார்கள். அவர்கள் மிரண்டதில் தப்பே இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் ஆபீசில் ஆண்களின் பேரை எழுதினார்கள். அரிசி கொடுக்க என்று சொன்னார்கள். பேர் எழுதி ஒரு வாரத்தில் லோரி வந்தது. பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு, சயாமில் ரயில் பாதை போடப் போய்விட்டது. எழுதச் சொன்னவன் ஜப்பான்காரன். எழுதியவர் என் அப்பா. இப்போது அவர் மகள் பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டு பிள்ளைகளின் பேரைக் கேட்கிறாள்.

அதனால் பாதிப் பிள்ளைகளுக்குச் சாமி பேர் வந்தது, மீதிக்கு வாய்க்கு வந்த பேர் வந்தது. ஒருத்தி வெகுநேரம் யோசித்துத் தன் ஆட்டின் பேரைச் சொன்னாள். நான் அதையும் அழகாக எழுதினேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கமிட்டிச் செயலாளர், அலோர் ஸ்டாரில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம், ஒருநாள் வந்தார். எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். தங்கமான மனிதர். அந்த நல்ல மனசோடு எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னார்.

"ரொம்ப மெலிஞ்சு போன புள்ளைங்கள டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுவோம். தங்கச்சி, நீ ஒரு லிஸ்ட் போட்டு வை."

லிஸ்ட் என்றும் கொண்டு போயிடுவோம் என்றும் ஒரே மூச்சில் சொன்னால் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு என்ன ஆகும்? பிள்ளை மெலிந்திருந்தால் பிள்ளை போய்விடும். அவ்வளவுதான் அவர்கள் காதில் விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து தோட்டத்தில் ஒரு பிள்ளைகூட மெலிந்திருக்கவில்லை.

குறிப்பாக, நேரில் பார்க்காமலே நோஞ்சான் என்று கேள்விப்பட்டு டிரஸ்ஸர் கவலைப்பட்ட நாலு பிள்ளைகள். அதில் ஒன்று லயத்தின் கடைசி வீட்டு அக்காவின் மகள், மூன்று வயது நெருங்கியவள். அந்த அக்காவின் புருஷன் முதல் லோரியிலேயே போனவர். காய்ச்சல் என்று முதல் வாரம் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. இரண்டாம் வாரம் கொண்டுவந்தாள், முள் இருபத்திரண்டு காத்தியில் நின்றது. அதேபோல முதல் வாரம் வராத மற்ற மூன்று பிள்ளைகளும் இருபத்திரண்டு. அடுத்த வாரம் நாலும் ஒன்றுபோல அரைக் காத்தி ஏறியிருந்தன. சந்தேகப்பட வேண்டிய நான் பெருமைப்பட்டேன். செம்பனை எண்ணெயின் மகிமை என்று டிரஸ்ஸரிடம் விளக்கம் வேறு சொன்னேன். கிராணி வீடு லயத்துக்குத் தள்ளி இருந்தது, எந்தப் பிள்ளை யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு ரயிலேறி அலோர் ஸ்டாருக்குப் போனேன். கமிட்டிக்காரர்கள் என் கோடு போட்ட பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். நானா பூரித்துப்போனார்.

"மாஷா அல்லா! இந்தத் தோட்டத்துப் புள்ளைங்க தேறிட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து இந்த நொய்ய ஜித்ரா பக்கத்துத் தோட்டத்துக்கு மாத்திடலாம்லா. அங்க ரொம்ப மோசமா இருக்கு."

எங்கள் பிள்ளைகளின் கஞ்சி போய்விட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பாராட்டில் மிதந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

குட்டு உடைந்தது அடுத்த வெள்ளிக்கிழமை. கடைசி வீட்டு அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய பொட்டு, பாவாடை. வாளிக்குள் வைத்தேன். டிரஸ்ஸர் கையை நீட்டுவதற்குள் பிள்ளை தன் கீழ் இமையைத் தானே விரலால் இழுத்துக் காட்டியது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்தேன். அடுத்து வந்த பிள்ளையும் இமையை இழுத்துக் காட்டியது. அடுத்ததும். நாலாவதாக ஒரு ஆண்பிள்ளை வந்தான். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் துண்டு. யாரும் தூக்கிவிடாமலே வாளியைப் பிடித்து ஏறி, சங்கிலியில் தொங்கி, இமையை இழுத்துக்கொண்டு நின்றான். விபூதிக்கு அடியில் ஒரு பெரிய பொட்டு அழிந்து சிவந்திருந்தது.

கஞ்சிப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்த கஞ்சிக்காரி அந்த நேரம் பார்த்து நெருப்புச் சுட்டு "ஐயோ!" என்றாள். வாளியில் இருந்த ஆண்பிள்ளை "அம்மா!" என்று அலறிக் குதித்து, துண்டு ஒரு பக்கம் அவன் ஒரு பக்கமாக அவளிடம் ஓடினான். ஓடியவன் அவன் அல்ல, அவள். பானைக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால் தோட்டத்தில் சதைப்பிடிப்போடு இருந்த ஒரே பிள்ளை, கஞ்சிக்காரி மகள்.

அந்த நாலாவது பிள்ளையைத் தன் மகன் என்று தூக்கிவந்தவளைப் பார்த்தேன். அவள் கண்கூட இமைக்கவில்லை.

"எல்லாப் புள்ளைக்கும் கஞ்சி ஊத்துறவ அவதானே தங்கச்சி? எம்புள்ளையும் அம்மான்னுதான் கூப்புடும்."

டிரஸ்ஸர் அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே பிள்ளையை வாரத்துக்கு நாலு முறை எடை போட்டு, அதற்குக் கோடு போட்டு, வண்ணப் பென்சிலால் அடிக்கோடும் இட்டிருக்கிறேன்! பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக லயத்துக்கு நடந்தேன், கடைசி வீட்டில் சண்டை போடுவதற்காக.

சண்டை போட முடியவில்லை. பாயில் ஒரு பிள்ளை கிடந்தது. வயிறு மட்டும் உப்பி, கையும் காலும் குச்சியாக. ஈ உட்கார்ந்தாலும் முகத்தைத் திருப்பவில்லை. என் பதிவேட்டில் இருபத்திரண்டரைக் காத்தி இருந்தவள் இவள்தான். ஒரு குவளைக் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் அடுத்த மாதம் ஜித்ராவுக்குப் போகப்போகிறது, என் புண்ணியத்தில். பாய் ஓரத்தில் உட்கார்ந்து ஈயை விரட்டிக்கொண்டே அக்காவைக் கேட்டேன்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"பேரு எழுதி ஒருத்தரக் குடுத்தாச்சு. இவளையும் குடுக்கச் சொல்றியா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை, சோறு என்று நான் சொல்வது கிழங்கைத்தான். பயம் பதிவேட்டின் மேல் என்றால் பதிவேடு எதற்கு என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். பிறகு ஸ்டோருக்குப் போய் டிரஸ்ஸர் கண் முன்னாலேயே பதிவேட்டின் தையலைப் பிரித்து, பிள்ளைக்கு ஒன்றாக எழுதியிருந்த பக்கங்களைத் தனித்தனியாகக் கழற்றினேன்.

"ஏய், கமிட்டிப் புத்தகம்! உனக்கென்ன பைத்தியமா?"

"புத்தகம் இனிமே இல்லண்ணே. ஆளுக்கு ஒரு தாள்."

வீடு வீடாகப் போனேன். இது உங்கள் பிள்ளையின் தாள், உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை பிள்ளையோடு கொண்டுவாருங்கள், எடையை எழுதித் திருப்பித் தருகிறேன், கையோடு கொண்டுபோய்விடுங்கள். ஆபீசில் ஒரு துண்டுத் தாளும் இருக்காது. லோரிக்காரன் வந்தால் அடுப்பில் போட்டுவிடலாம். தன் ஆட்டின் பேரைச் சொன்னவள் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசி வீட்டு அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நானாவை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். வந்ததும் முதல் கேள்வி, "புத்தகம் எங்கம்மா?"

"லயத்துல வீடு வீடா இருக்கு நானா."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து டிரஸ்ஸர் அவசரமாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இடுப்பில் சொந்தப் பிள்ளை, கையில் மடித்த தாள். நோஞ்சான்களில் மூன்று பேர் பதினைந்து காத்தி, பதினாறு, பதினாலரை. நானா முக்காலியை வாளிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு முள்ளைத் தானே பார்க்க ஆரம்பித்தார். கஞ்சிக்காரி மகளை ஒரே ஒரு முறை எடை போட்டு இறக்கியதும் அவள் தரையில் புரண்டு அழுதாள். இன்னும் மூன்று தடவை பாக்கி என்று அவளுக்குத் தெரியும். அவளைச் சமாதானப்படுத்த டிரஸ்ஸர் இமையை இரண்டு முறை இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நானா எழுந்து வந்து என் காதோரமாகச் சொன்னார்.

"நொய் எங்கயும் போகாது. ஜித்ராவுக்கு வேற எடத்துல கேட்டுப் பாக்கிறேன். அந்த லிஸ்ட் பேச்ச நான் எடுத்ததே தப்பு."

கடைசி வீட்டு அக்கா எல்லோரும் போன பிறகு வந்தாள். பிள்ளையால் வாளியில் நிற்க முடியவில்லை, உட்கார வைத்தோம். முள் பதின்மூன்றில் நின்றது.

"நல்லா இருக்காளா?" என்று கேட்டாள்.

பொய் எனக்குச் சரளமாக வரும். அன்று வரவில்லை.

"நல்லா இல்லக்கா. இன்னையிலேருந்து ரெண்டு குவளை. நானே வீட்டுக்கு வந்து ஊட்டுறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

எழுதி முடித்துத் தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. படிக்கத் தெரியாதவள், ஆனாலும் மேல் வரியில் சரியாக விரலை வைத்தாள்.

"இந்தப் பேரு பொய். அடிச்சிடு."

என் காதருகே குனிந்து பிள்ளையின் உண்மையான பேரைச் சொன்னாள்.

"வேணாம்க்கா. பேரு இல்லாமலே கஞ்சி தருவேன்."

"இல்ல தங்கச்சி, எழுது. நான் இருக்கனோ இல்லியோ, அவங்கப்பா சயாம்லேருந்து வந்தா இந்தப் பேரச் சொல்லித்தான் தேடுவாரு."