நீல ஜன்னல் விறகு

என் மகளுக்கு நாலு வயது நடக்கும்போது வயிற்று வலி ஆரம்பித்தது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள். குழந்தைகள் டாக்டர் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார்.

"உடம்புல காரீயம், அதான் லெட், ஏறியிருக்கு. பழைய பெயிண்ட்ல, சில பாத்திரத்துல, கண்மையில எல்லாம் இருக்கும். உள்ள போறதை நிறுத்தினாத்தான் இறங்கும். விட்டா புத்தியைத் தொட்டுடும். எங்கேருந்து வருதுன்னு வீட்டுல தேடுங்க" என்றார்.

எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தேகப்பட மட்டும் தெரிந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முன்கட்டில் வீட்டுக்காரர். எங்கள் அறை ஜன்னலில் அவருடைய தாத்தா காலத்துப் பச்சைப் பெயிண்ட், காய்ந்த வயல் மாதிரி வெடித்துக் கிடக்கும். டாக்டர் பெயிண்ட் என்று சொன்னதுமே எனக்கு அந்த ஜன்னல்தான் கண்ணில் நின்றது. இரண்டு வருஷம் முன்னால் வீட்டுக்காரர் முன்கட்டுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார். ஏன் எங்கள் பக்கம் அடிக்கவில்லை? அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் நடையில் நின்று என் மகளைப் பார்த்துச் சிரித்தால்கூட, குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தேன். கொல்லையில் நான் அடுக்கிவைத்த விறகைக் காட்டி, "இப்படிச் சுவரோட சேர்த்து அடுக்காதேப்பா, கரையான் ஏறிடும்" என்றபோது, இந்த விறகு மேலும் இவருக்குக் கண்ணா என்று எரிச்சலாக வந்தது.

ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். பாலக்கரையில் மளிகைக்கடையில் எடை போடுகிறவன் நான். தராசு காட்டுவதைத்தான் வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள், நான் பேச வேண்டியதில்லை.

"வாயைத் திறக்க உங்களுக்கு முகூர்த்தம் பாக்கணுமா?" என்றாள் என் மனைவி.

கடைசியில் டாக்டரே ஒரு கல்லூரியில் சொல்லி ஆள் அனுப்பினார். இளம்பெண். தோள்பையிலிருந்து டிரில் மெஷின் போல ஒன்றை எடுத்தாள். அவள் மேலும் எனக்குச் சந்தேகம். சும்மா எதற்கு வருகிறாள்? ஏதாவது ரிப்போர்ட் எழுதிக் கொடுத்து வீட்டைப் பூட்ட வைத்துவிடுவாளோ?

வீட்டுக்காரரும் வந்து நின்றார். "என்னம்மா இது, துப்பாக்கி மாதிரி இருக்கு?"

"சுடாது சார். பெயிண்ட்ல காரீயம் இருந்தா காட்டும்."

"நான் பொறந்ததே இந்த ரூம்லதான். பெருமாள் புண்ணியத்துல எழுபத்தெட்டு ஆறது. எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைன்னு யார் சொன்னா?" என்று மனைவி என் காதோடு சொன்னாள்.

ஜன்னலில் மெஷினை வைத்து எடுத்துவிட்டு, "நிறையவே இருக்கு" என்றாள் அந்தப் பெண். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அவள் அதோடு கிளம்பவில்லை. ஜன்னல் திட்டை விரலால் தடவினாள். "வெடிச்சிருக்கு, ஆனா இன்னும் உதிரலை. பாப்பாவுக்கு எட்டவும் எட்டாது. இதை மட்டும் வச்சு இவ்வளவு ஏறாதே" என்றாள். மைடப்பி, பாத்திரங்கள், பொம்மைகள் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தாள். எதிலும் இல்லை. பிறகு கொல்லைக் கதவைத் திறந்தாள்.

அங்கே குளியலறை வாசலில் எங்கள் தாமிர பாய்லர். பக்கத்தில் விறகு, எல்லாம் வான நீலப் பெயிண்ட் அடித்த ஜன்னல் துண்டுகள். ஐப்பசியில் எங்கள் கடைக்கு அடுத்த பழைய வீட்டை இடித்தார்கள். நல்ல சட்டங்களை மர வியாபாரி கொண்டுபோனார். செல்லரித்தவற்றை, "விறகுக்கு ஆகும், எடுத்துக்கங்க" என்று மேஸ்திரி கடை ஆட்களான எங்களுக்குக் கொடுத்தார். கட்டுக் கட்டாக மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். மார்கழிக் குளிருக்குத் தினமும் வெந்நீர். என் மகள் மணைக்கட்டையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுப்பாள். சூட்டில் பெயிண்ட் உப்பி வெடிக்கும்போது, "அப்பா, கொப்பளம்!" என்று கை தட்டுவாள். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் துலக்கினோம். அவள் தட்டும் அதில்தான்.

அந்தப் பெண் நீலத் துண்டில் மெஷினை வைத்தாள். பார்த்தாள். இன்னொரு துண்டில் வைத்தாள்.

"இதையா எரிக்கிறீங்க?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அன்றைக்கே இந்த விறகைப் பற்றிச் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அந்தச் சாம்பலையும் பாரும்மா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதிலும் இருந்தது.

இனி இதை எரிக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. சாம்பலை நனைத்துப் பையில் கட்ட வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஜன்னலைக் காய்ந்தபடி தேய்க்காமல், நனைத்துச் சுத்தம் செய்து மேலே பெயிண்ட் பூச வேண்டும், அப்போது குழந்தை வீட்டில் இருக்கக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டுப் போனாள்.

யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றதும் எனக்கு எங்கள் கடையில் மூட்டை கட்டுகிற அண்ணன் ஞாபகம் வந்தது. எடமலைப்பட்டி புதூர்க்காரர். அதே விறகில் இரண்டு கட்டு அவரும் எடுத்துப் போயிருந்தார், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கு வெந்நீர் வைக்க.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவரிடம் போனேன். நானாகப் போய் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, அந்த நீல விறகை எரிக்காதீங்க."

"ஏன், ஒனக்குத் தீந்துபோச்சா?"

"அதுல விஷம் இருக்குண்ணே."

"நீ எரிக்கிறப்ப இல்லாத விஷம், என் வீட்டுக்கு வந்ததும் மொளைச்சிடுச்சாக்கும்? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. வீட்டுக்காரரை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையிலிருந்து மகளின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"என் பொண்ணுதுண்ணே. நான்தான் எரிச்சேன். அவ பக்கத்துல உக்காந்து எடுத்து எடுத்துக் குடுத்தா."

அவர் தாளை முழுக்கப் படிக்கவில்லை. "மக வந்து பத்து நாளாச்சேடா" என்றார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினார். அன்றைக்கு அவர் மூட்டைகளையும் நானே கட்டினேன்.

வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பெயிண்ட் பூசினார். அந்த நாலு நாளும் மனைவியும் மகளும் முசிறியில் என் மச்சான் வீட்டில் இருந்தார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் காரீயம் குறைந்திருந்தது. முழுக்கப் போகவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மிச்ச விறகு தார்ப்பாயில் சுற்றி, சுவரை விட்டுத் தள்ளி, இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது. குப்பை வண்டியில் போட்டால் எங்காவது கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம். அதற்கென்று ஆள் அனுப்புவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

இப்போது கேஸ் அடுப்பில்தான் வெந்நீர். ஒருநாள் காலையில் என் மகள் அணைந்த பாய்லர் பக்கத்தில் மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கும் கொப்பளம் வராதாப்பா?"

"வராதும்மா" என்றேன். அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கையைக் கழுவிவிட்டேன், சோப்புப் போட்டு, இரண்டு தடவை.