சுவருக்குள் கை ஆட்டியவன்

மனுதாரரை நேரில் விசாரிக்காமல் மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது. வருவாய்த் துறையில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தந்த முதல் விதி அது. என் மைத்துனர் எந்தத் துறையிலும் இருந்தவரல்லர். ராஜபாளையத்தில் டிவி, ரேடியோ விற்றுவந்தார். ஆகவே தன் அக்கா, அதாவது என் மனைவி, சொன்னதைக் காபி குடித்து முடிப்பதற்குள் தள்ளுபடி செய்துவிட்டார்.

விஷயம் ஒரு வீடியோ கேம். தொண்ணூறுகளின் தொடக்கம். கடையில் விலைபோகாத செட் ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்தார். அதே கேசட் அவர் கடையிலும் ஓடியது. மகள் விடுதியில், நான் அலுவலகத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஜாய்ஸ்டிக் என் மனைவி கையில். விளக்கேந்திய குட்டி மனிதன் ஒருவன் முற்றத்தில் கிடக்கும் பழங்களைப் பொறுக்க வேண்டும். முற்றத்தின் நடுவில் ஒரு சதுரக் கட்டடம். பழம் தீர்ந்ததும் அதன் படியேறினால் அடுத்த ஆட்டம்.

அவள் சொன்னது இதுதான்: அந்தக் கட்டடத்தின் பக்கச் சுவர் திறக்கிறது. உள்ளே மேசை போட்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நம்மைப் பார்த்துக் கை ஆட்டுகிறான்.

"கடைக்கு வாரவன் எம்புட்டுப் பேரு ஆடுதான், ஒருத்தன் கண்ணுலயும் படலையேக்கா. சாப்பிட்ட மயக்கத்துல கண்ணசந்திருப்ப."

"ஏலே, என்னைக்காவது உங்கிட்டப் பொய் சொல்லிருக்கேனா?"

"அப்ப ஆடிக் காட்டு. சீக்கிரம், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அவள் அவசரமாகப் பழங்களைப் பொறுக்கினாள், படியேறினாள். சுவர் சுவராகவே இருந்தது.

"அந்த ஆளு லீவு போட்டுட்டான் போல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்து வந்த கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருந்த உறவினர்கள் என் மனைவியைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராகக் கை ஆட்டினார்கள். அவள் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவினாள். தூக்கி வளர்த்த தம்பி தன் பேச்சை ஊர்ச் சிரிப்பாக்கியதை அவளால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

வாய்மொழிப் புகாரில் அடுத்த படி நேரடி ஆய்வு. ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பழங்களை எடுத்து முடித்தவள் படியேறாமல் கட்டடத்தை வலமாகச் சுற்றினாள். மூன்றாம் சுற்று முடிந்ததும் சுவர் விலகியது. மேசைக்காரன் கை ஆட்டினான். நானும் ஆட்டியிருப்பேன், ஆய்வு அலுவலருக்கு அது அழகல்ல.

"எதுக்குச் சுத்துன?"

"நான் எங்க சுத்துனேன்?"

மறுபடி ஆடச் சொல்லிக் காட்டினேன். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. தினமும் கோயிலுக்குப் போகிற கால் அவளுடையது. விரலுக்கும் அதே பழக்கம்.

"நடுவுல இம்புட்டுப் பெருசாக் கட்டி வச்சிருக்கான். சுத்தாம எப்படிங்க ஏறுறது?"

தம்பி அவசரப்படுத்திய அன்று மட்டும் சுற்றாமல் ஏறியிருக்கிறாள். இரண்டு சுற்றோடு நிறுத்திப் பார்த்தோம், இடமாகச் சுற்றியும் பார்த்தோம். சுவர் அசையவில்லை.

உள்ளே இருந்தவன் அந்த ஆட்டத்தை உருவாக்கியவனாகத்தான் இருக்க வேண்டும். கேசட்டின் மேல் அவன் பெயர் இல்லை. அலுவலகத்தில் கடிதத்தை எழுதுகிறவன் ஓரத்தில் பொடியாக இரண்டெழுத்துப் போட்டு ஒதுங்கிக்கொள்வான், கையெழுத்து மேலதிகாரியுடையது. இவனுக்கு அந்த ஓரமும் கிடைக்கவில்லை போலும், அறை கட்டிக் குடியேறிவிட்டான். அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் பார்த்ததாகச் சொல்லிப் பயனில்லை. மனைவிக்காகக் கணவன் சொல்லும் சாட்சி எந்த விசாரணையிலும் எடுபடாது. எனவே எதிர்த்தரப்பே சோதித்துப் பார்க்கட்டும் என்று ஒரு கடிதம் தயாரித்தேன். "பார்வை, பொருள்" எல்லாம் போட்டிருந்தேன். அவள் அதைக் கிழித்துவிட்டு ஒரு கார்டில் எழுதினாள்: 'பழம் எல்லாம் எடு. மூணு சுத்து, வலமா. பொறவு பேசு.'

பதில் இல்லை. ராஜபாளையம் பஸ் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் போனாள். கேட்டால், காற்றுக்கு என்றாள். தம்பிக்கென்று எடுத்துவைத்த பால்கோவாவை நானே தின்று தீர்த்தேன்.

கடைசியில் ஒரு கார்டு வந்தது. 'அக்கா, எனக்கும் கை ஆட்டுனான். கல்யாண வீட்டுல உன்னப் பாத்து ஆட்டுனவிய அம்புட்டுப் பேரையும் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டிட்டேன். ஞாயித்துக்கிழம வாரேன், திட்டாத.'

அவள் அதைப் படித்துவிட்டுப் பால்கோவா வாங்க என்னைக் கடைக்கு விரட்டினாள். கிளம்புமுன், வழக்கப்படி, கார்டின் மூலையில் வந்து சேர்ந்த நாளைக் குறித்துவைத்தேன்: ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள்.