எர்மிந்தா வெளுத்த கரடித்தோல்

எர்மிந்தா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. பாலைவனத்துச் சுரங்க ஊரான கலாமாவில் காற்று கிளம்பினால் எங்கள் தெருவில் எல்லார் வீட்டு முற்றத்திலும் மண் குவியும். அவள் முற்றத்தில் மட்டும் குவியாது. அவள் விடமாட்டாள். சுரங்க முகாமின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மூவாயிரம் ஆண்கள் படுத்து எழுந்த விரிப்புகளை வாராவாரம் கையால் பிரித்துப் போடுகிறவள். "ஆம்பளைங்களோட லட்சணம் பாதிரியாருக்குத் தெரியாது, ஹெனோவேவா. எனக்குத் தெரியும்" என்பாள்.

அவள் புருஷன் விலிபால்தோ பேய் வேஷம் கட்டி ஆடுகிற எங்கள் பேயாட்டக் குழுவில் கரடி வேஷக்காரன். ஒவ்வொரு செப்டம்பரிலும் பாலைவனத்துக்குள் அய்க்கினாவுக்குப் போய் மாதாவின் முன்னால் ஆடுவோம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற ஊர் அது, திருவிழா நடக்கிற பத்து நாள் மட்டும் மூச்சுவிடும். விலிபால்தோ பத்தொன்பது வருடம் ஆடிவிட்டான். இருபது வருடம் ஆடுவதாக வேண்டியிருந்தான். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த வருடம் மே மாதம் சர்க்கரை வியாதியில் அவன் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

ஜூலைக் கடைசியில் குழுத் தலைவர் டோன் அபோலினாரின் வண்டிக் கொட்டகையில் கூடினோம். குழுப் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த ரொட்டிக்காக எர்மிந்தாவும் சும்மா வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கரடி இல்லாம எப்படிப் போறது?" என்று அபோலினார் தலையைச் சொறிந்தார். "கூட்டத்த யாரு விலக்குவா? புள்ளைங்க யாரப் பாத்துச் சிரிக்கும்?"

விலிபால்தோ ஊன்றுகோலைத் தரையில் தட்டினான். "எதுக்குக் கவலை, டோன் அபோலினார்? கரடி வேஷத்த என் கிழவி போடுவா."

கொட்டகையே கைதட்டியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தானா என்றால், இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் நானும் சேர்ந்து தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கைகளைப் பார்க்கக் கூசுகிறது.

எர்மிந்தா எழுந்து தன் நாற்காலியில் இருந்த ரொட்டித் துணுக்குகளை ஏப்ரனில் துடைத்து எடுத்தாள். வெளியே போனாள்.

அய்க்கினாப் பக்கம் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை. காரணம் தெருவுக்கே தெரியும். அவர்கள் மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்தச் செப்டம்பரில்தான் விலிபால்தோ, "மாதாவக் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லி, மனைவியையும் குழந்தையையும் அங்கேயே விட்டுவிட்டு, நடந்தே அய்க்கினா போனான். ஆறு நாள். அந்த ஆறு நாளும் குழந்தை கக்கியதையும் கழிந்ததையும் இவள் ஒருத்தி அள்ளினாள். குழந்தை பிழைத்தது. ஊர் விலிபால்தோவைத் தோளில் தட்டிக்கொடுத்தது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "வந்து நில்லு. தனியா அந்த மூட்டைய அவுக்க என்னால ஆகாது."

கொல்லைக் கொட்டகையில் கரடித்தோல் ஒரு சாக்கில் கிடந்தது. ஆட்டுத்தோலும் லாமா மயிரும் சேர்த்துத் தைத்த முழு உடுப்பு. சாக்கின் வாயைத் திறந்ததும் எழுந்த வாடையை நான் என்னவென்று சொல்வது? பத்தொன்பது வருடத்து வியர்வை வெறும் வியர்வையாக இருப்பதில்லை. புளித்துப்போன சீஸ், ஈரநாய், மூத்திரம், பழைய சாராயம் எல்லாம் ஒன்றாகி, மூக்கில் நுழைந்து நாக்கில் உட்கார்ந்தது. அக்குள் இரண்டும் பலகைபோல் விறைத்துக் கிடந்தன. கழுத்துப்பட்டையில் ஒரு விரற்கடை கனத்துக்கு அழுக்கு, மெழுகு மாதிரி பளபளத்தது. தலை தனி. காகிதக் கூழில் செய்து, அரக்குப் பூசி, மயிர் ஒட்டியது. எர்மிந்தா கையுறை போட்டுக்கொண்டு அதைக் கவிழ்த்தாள். மூஞ்சிக்குள்ளிருந்து மென்று துப்பிய கோக்கா இலை உருண்டைகள் காய்ந்து பொலபொலவென்று கொட்டின. கூடவே ஒரு எலிக்கூடு. கூட்டில் ரோமம் முளைக்காத மூன்று குஞ்சுகள் உலர்ந்து ஒட்டிக் கிடந்தன.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவினேன்.

"இதத் தலையில மாட்டிக்கிட்டு மாதா முன்னாடி போய் வரம் கேட்டிருக்கான்" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. "அவளுக்கு மூக்கு இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடத்தில் ஆள் குறைவு. உடுப்பை அங்கே கொண்டுபோய்ப் பெரிய இயந்திரத்தில் போட்டாள். முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மயிர் வர ஆரம்பித்தது. நான்காவதில் வடிகால் அடைத்துக்கொண்டது. கையை முழங்கை வரை விட்டு அவள் இழுத்த இழுப்பில், செத்த பிராணி மாதிரி ஒரு மயிர்க் கற்றை வழுவழுவென்று வெளியே வந்ததாம்.  கடைசியில் மிஞ்சியது சொட்டையும் திட்டுமாக ஒரு வெளிறிய தோல். சொறி பிடித்த நாய்கூட அதைவிட அழகாக இருக்கும்.

அதைக் கொடியில் போட்டதைப் பார்த்து விலிபால்தோ போட்ட கூச்சல் என் வீட்டு அடுப்படிவரை கேட்டது. ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று ஓடினேன்.

"என் பத்தொன்பது வருஷத்தச் சாக்கடையில ஊத்திட்டியேடி! அது அழுக்கில்ல, அது என் வேண்டுதல்!"

"வேண்டுதலா? எலி குட்டி போட்டிருந்துச்சு உன் வேண்டுதல்ல."

"உனக்கு நம்பிக்கை கெடையாது. நம்ம புள்ளைய அவதான் காப்பாத்தினா. நான் போய்க் கேட்டதால காப்பாத்தினா."

"ஓ. நீ கேட்ட. அங்க நான் என்ன செஞ்சுட்டிருந்தேன்?"

 கட்டுப் போட்டிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாசற்படியில் நின்றேன்.

"சொல்லு" என்றாள் எர்மிந்தா. "ஹெனோவேவாவும் கேக்கட்டும். இருபது வருஷமா ஊரே நீ சொன்னதத்தான கேட்டுச்சு."

அவன் குரல் வந்தது. ஆண்பிள்ளைக் குரலே இல்லை அது. "அந்த ஆஸ்பத்திரி அறை வாடை எனக்குத் தாங்கல, கிழவி. அது வாயிலேர்ந்து வந்தது... அந்தப் புளிச்ச வாடை. அந்தத் துணிங்க. எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. பெத்த புள்ளையப் பாத்து கொமட்டுதேன்னு பயந்துட்டேன். அதான் போனேன். மாதா எல்லாம் வழியிலதான் ஞாபகம் வந்தா."

நான் எத்தனையோ குடிகாரர்களைப் பார்த்திருக்கிறேன், பெண்டாட்டியை அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு விலிபால்தோவைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பு அவர்கள் யார்மேலும் வந்ததில்லை. சாக்கு வாடையாவது கழுவினால் போய்விடும். இந்த மனுஷனோடு பத்தொன்பது வருடம் தோளோடு தோள் உரச ஆடியிருக்கிறேனே என்று உடம்பு கூசியது.

எர்மிந்தா அழவில்லை. உள்ளே போய்க் கரடித்தலையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். ஒரு வாளி சுடுதண்ணீர், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், ப்ளீச்சிங் பொடி.

"உள்பக்கத்தச் சுரண்டு. மூக்கு ஓட்டை, வாய் இடுக்கு, எல்லாம்."

"நானா?"

"உன் எச்சில்தான?"

அவன் இரண்டு தடவை பிரஷை விட்டான். மூன்றாவது தடவை ஓங்கரித்தான். கண்ணில் நீர் முட்டியது. "முடியல, எர்மிந்தா. கொமட்டுது."

"கொமட்டட்டும்" என்றாள் அவள், எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபடி. "ஓடாம உக்காந்து செய்யி. நானும் இங்கதான் இருக்கேன்."

அவன் செய்தான். அன்று மாலைவரை, மறுநாளும். நடுவில் ஒருமுறை வாளியிலேயே வாந்தி எடுத்தான். அவள் எழுந்து வாளியை மாற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அய்க்கினா போவதா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் அவளாகவே சொன்னாள். "போறேன். அவனுக்காக இல்ல. எனக்கு மாதாகிட்ட பேசணும். இருபது வருஷமா இவன் சொன்னத மட்டுந்தான கேட்டுட்டிருக்கா."

தோல் போயிற்றே, உடுப்புக்கு என்ன செய்வது? முகாமில் கழித்துப் போட்ட பழுப்புக் கம்பளிகளில் ஆறு கொண்டுவந்தாள். வெட்டித் தைத்தாள். கையை, காலை, வயிற்றைத் தனித்தனியாகக் கழற்றித் துவைக்கிற மாதிரி பொத்தான் வைத்தாள். ஒத்திகைக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அபோலினாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டோன்யா எர்மிந்தா, கரடி மாதிரி இல்லையே. மெத்தை மாதிரில்ல இருக்கு."

"மெத்தைக்கும் கால் இருக்கு, டோன் அபோலினார். தாளத்தப் போடச் சொல்லுங்க."

ஆட்டம் அவளுக்கு வரவில்லை. இடது வலது தெரியாமல் பேய்களின் காலை மிதித்தாள். எங்கள் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒத்திகை முடிந்ததும் எல்லாரும் ஒரே குவளையில் கோக்கோவைக் குடித்துக் கை மாற்றினோம். அவள் பையிலிருந்து தன் சொந்தக் குவளையை எடுத்தாள். ஒருத்தி, "எங்க வாயில புழுவா நெளியுது?" என்று கேட்டேவிட்டாள்.

"தெரியல. திறந்து காட்டு, பாக்குறேன்."

பயணத்துக்கு மற்றவர்கள் மெழுகுவத்தி, காகிதப் பூ, வெடி என்று கட்டினார்கள். எர்மிந்தா ஒரு மூட்டை சுண்ணாம்பு, மூன்று கேன் ப்ளீச்சிங், மூடி போட்ட வாளி, பன்னிரண்டு விரிப்பு, ஒரு மண்வெட்டி கட்டினாள். அய்க்கினாவில் நாங்கள் தங்குகிற குழு வீட்டுக் கழிப்புக் குழியைப் பற்றி நான்தான் வாய் தவறி உளறியிருந்தேன். விலிபால்தோவையும் ஏற்றினாள். "நான் எதுக்கு? என்னால ஆட முடியாதே" என்று அவன் முனகினான். "பாக்க முடியும்ல" என்று லாரியின் பின்பக்கத்தில், பெரிய முரசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

நான்கு மணி நேரம் தூசி தின்றோம். இறங்கிப் பூட்டைத் திறந்தால், அவள் பயந்ததைவிட மோசம். அடுப்புக்குள் ஒரு பூனை செத்துக் காய்ந்து கிடந்தது. போன வருடம் யாரோ கழுவாமல் போட்ட அண்டாவில் கூழ் பாறையாகியிருந்தது. குழியைப் பற்றி எழுத மாட்டேன். அவள் ஒன்றரை நாள் ஓயாமல் வேலை செய்தாள்; மூக்கில் கட்டிய துணிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. வருடா வருடம் இந்த வீட்டில் தின்று உறங்கிவிட்டு, 'மாதாவுக்காகக் கஷ்டப்படுறோம்' என்று பெருமை பேசிய எங்களில் ஒருவருக்கும் அவள் கண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டாம் நாள் மதியம் நான் போய் இன்னொரு மண்வெட்டியை எடுத்தேன். என்னோடு இரண்டு பேர் வந்தார்கள். அபோலினார் வரவில்லை. அவருக்கு முதுகு வலி.

மூன்று நாள் ஆடினாள். அந்த மேட்டுப் பாலைவனத்துக் குளிரிலும் கம்பளிக்குள் வெந்தாள். குழந்தைகள் சிரித்தன, மெத்தைக்கரடி என்று பேர் வைத்துப் பின்னாலேயே ஓடின. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கொழுகும் கைகளோடு அவை கட்டிப்பிடித்தபோது அவள் உடம்பு விறைப்பதை நான் பார்த்தேன். ஆனாலும் ஒன்றையும் தள்ளிவிடவில்லை. தினமும் ஆட்டம் முடிந்ததும் பொத்தான்களைக் கழற்றி, பள்ளத்தில் இறங்கி, உப்பு ஓடைத் தண்ணீரில் துவைத்து, பாறைமேல் காயப்போட்டாள்.

கடைசி நாள் விடைபெறுகிற வரிசை. குழுக்குழுவாகக் கோயிலுக்குள் போய், பின்பக்கமாக நடந்து வெளியே வரவேண்டும். எல்லாரும் அழுவார்கள். நானும் அழுதேன். எர்மிந்தா தலையைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மயிர் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. நான் அவளுக்கு அடுத்து நின்றதால் சொன்னது காதில் விழுந்தது.

"புள்ளைக்கு ரொம்ப நன்றி. ஆனா அந்த ஆறு நாளும் அங்க இருந்தது நான். இவன் உங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருப்பான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல், யார் காலையும் மிதிக்காமல், வாசல்வரை பின்னுக்கு நடந்தாள். வாசலில் விலிபால்தோ ஊன்றுகோலில் நின்றிருந்தான். அவளைத் தொடக் கை நீட்டினான்.

"இப்ப வேணாம்" என்றாள். "வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்."

அவன் கையை மடக்கிக்கொண்டு அவளுக்கு வழி விட்டான். லாரி கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் குழு வீட்டுக்குள் போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் உள்ளே நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, யாரும் தொடாமல் மூலையில் தள்ளிவைத்திருந்த, கூழ் பாறையாகிப் போன அந்த அண்டாவைக் காலிடுக்கில் வைத்து, ஒரு கரண்டியால் சுரண்டத் தொடங்கினான்.