தொங்கிருக்கையை நிறுத்திவைத்த கோமதி அம்மையார்

கரமனையில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கியபோது கைப்பேசி ஒலித்தது. எங்கள் அலுவலகத்து முருகன். "அண்ணாச்சி, நம்ம கோமதியக்கா போயிட்டாங்க, கேட்டியளா. காப்பி குடிச்சிட்டு இருந்தவங்க அப்பிடியே சரிஞ்சிட்டாங்களாம்." நேரே அவர் வீட்டுக்கு விரைந்தேன்.

ஆரியசாலையில் அவர் வீட்டின்முன் கூடி நின்றோர் பலர் என்னிடம் கேட்டனர்: "அந்த அம்மா அப்படி என்ன வேலைதான் பாத்தாங்க?" அவர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அயல்நாட்டு மலைகளில் பனிச்சறுக்கு விளையாடுவோரை உச்சிக்கு ஏற்றிச்செல்லும் தொங்கிருக்கைகள் உண்டு. விரைவு வகையில், ஒவ்வோர் இருக்கையும் ஓடும் கம்பிவடத்தை இரும்புப் பிடியால் கவ்விக்கொண்டு பறக்கும். நிலையத்துக்குள் பிடி திறந்து, ஆள் ஏறுமாறு மெல்ல நகரும். பின்பு மீண்டும் கவ்வும். ஒரு தலைமுறைக்கு முன் அமைத்த அவற்றை இடித்துத் தள்ளாமல் மின்பொறியையும் கட்டுப்பாட்டு அமைப்பையும் புதுப்பித்துத் தருவது எங்கள் பணி. திருவனந்தபுரத்தில் அமர்ந்தே அதற்கான மென்பொருளை எழுதிய குழுவின் தலைவர் கோமதி அம்மையார். "தூணெல்லாம் கல்லு மாதிரி நிக்கி அண்ணாச்சி. மூளைக்குத்தான் வயசாயிட்டு, அதை மாத்துனாப் போரும்" என்பார். புதுமையின் பெயரால் நல்லதையும் தூக்கியெறிவோரை அவர் ஒருநாளும் பொறுத்ததில்லை.

சென்ற பனிக்காலத்தில், நாங்கள் புதுப்பித்த தொங்கிருக்கை ஏற்றம் ஒன்று வெள்ளோட்டத்தில் மீண்டும் மீண்டும் நின்றது. பிடியின் இறுக்கத்தை அளக்கும் புதிய உணரி, அது குறித்த எல்லைக்குக் கீழே இருப்பதாகச் சொல்ல, எங்கள் மென்பொருள் வடத்தை நிறுத்தியது. மறுநாள் அங்கே திறப்பு விழா. அக்காள் என்னும் பொருளில் 'சேச்சி' என்றே அழைக்கும் எங்கள் மலையாளி மேலாளர், அம்மையாரின் மேசைக்கே வந்துவிட்டார்.

"சேச்சீ, அந்த லிமிட்டைக் கொஞ்சம் தாழ்த்தினாப் போதும். கிரிப்பு எல்லாம் நல்லதாணு. பழைய மெஷின் ஒருநாளும் குறை பறஞ்சதில்லையே?"

"பழைய மெஷின் அளக்கவே இல்ல சாரே, பொறவு எங்க பறைய?"

"உங்க கான்ட்ராக்ட் புதுக்குற மாசமாக்கும் இது. ஓர்மையிருக்கட்டும்."

ஓய்வு வயதுக்குப் பின் ஆண்டுதோறும் நீட்டிப்புப் பெற்றுப் பணியாற்றியவர் அவர். கணவரை இழந்த அவர் வீட்டுக்கு வேறு வருவாய் இல்லை. நான் பொறுக்காமல் எழுந்து முழங்கத் தொடங்கினேன்.

"இது மேடையில்ல அண்ணாச்சி, இரிங்க" என்றார், திரும்பிக்கூடப் பாராமல். பிறகு மேலாளரிடம், "பிடி நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. தெரியாம ஆளுகளை அந்தரத்துல தொங்க விடமாட்டேன்."

ஏற்றம் ஓடவில்லை. திறப்பு தள்ளிப்போனது. அங்கிருந்த பணியாளர்கள் பிடிகளைக் கழற்றிச் சோதித்தனர்.

பிடிகள் அனைத்தும் உறுதியாகவே இருந்தன!

பிழை எங்களுடையது. மின்விசிறி சுழலும் எங்கள் ஆய்வறை வெப்பத்தில் உணரியைச் சரிபார்த்திருந்தோம். உறைகுளிரில் அது குறைத்துக் காட்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொன்முடி மலைக்குப் போய்ச் சால்வை போர்த்துவதையே குளிர் என்று நம்பி வாழ்ந்தவர்கள் அல்லவா நாங்கள்! இணையவழிக் கூட்டத்தில் எவரும் கேட்குமுன்பே அம்மையார் அதை ஒப்புக்கொண்டார். பிறகு உணரியைத் தூக்கிக்கொண்டு விழிஞ்ஞத்து மீன் குளிர்கிடங்குக்குப் புறப்பட்டார். கம்பளித் தொப்பியோடு ஐஸ் மீன்களுக்கிடையே நின்று அளந்துகொண்டிருந்தவரைப் பார்த்து, "சேச்சிக்கு மீன் வேணோ, இல்ல இங்கயே வீடெடுத்துத் தாமசமா?" என்று கிடங்குக்காரர் கேட்டார். "தாமசந்தான். வாடகை உண்டோ?" என்றார் அம்மையார். திருத்திய அளவோடு ஏற்றம் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

அவருக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை. விடைபெறும் நாளில் முருகன் ஆற்றாமல், "கிரிப்பெல்லாம் நல்லாத்தானே இருந்துது அக்கா? வீணா வேலை போச்சே" என்றான்.

"நல்லாருந்துதுன்னு பொறவுதானலே தெரிஞ்சுது" என்றார்.

அவரை அறிந்த பெருமக்களே, அழுது முடித்துவிட்டோம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, 'தெரியாது' என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லும் துணிவு. அடுத்த மலைக்கான பணி தொடங்கிவிட்டது. அவர் வகித்த பொறுப்பு இப்போது என்னுடையது. எல்லையைத் தாழ்த்தச் சொல்லி ஒருநாள் எவரேனும் வருவர். வரட்டும். குரலை உயர்த்தமாட்டேன். தெரியாது என்பேன். தெரியும்வரை அந்த வடம் நகராது.